அப்டேட்டின் மேல் விழுந்த பழி: களுவாஞ்சிகுடி வீட்டுக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

களுவாஞ்சிகுடியில் ஓர் ஆசிரியை வீட்டு மேசைக்கணினி. வெளிநாட்டு அலுவலகம் எதிலோ பாவித்துக் கழித்து, இறக்குமதியாகி, இங்கே மறுவிற்பனைக்கு வந்த ரகம். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ரெம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், வின்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு. யூபிஎஸ் இல்லை. உள்ளே பத்து வருடக் குடும்பப் படங்கள், பாமினி எழுத்துருவில் தட்டிய தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், சாதாரண தரம் எழுதவிருக்கும் மகனின் வகுப்புப் பதிவுகள். எதற்கும் வேறெங்கும் பிரதி இல்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு காலை கணினியைப் போட்டால் நீலத் திரை. சோக முகம், கீழே இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ் என்ற நிறுத்தக் குறியீடு. இரண்டு தரம் அப்படி விழுந்தபின் தானியங்கிப் பழுதுபார்ப்பு வந்து, கொஞ்ச நேரம் சுழன்று, தன்னால் முடியவில்லை என்று கைவிரித்தது.

பழுதுபார்க்க வந்தவர்களிடம் வீட்டார் சொன்ன காரணம் ஒன்றுதான்: "அப்டேட் போட்டதுக்கு மறுகாதான் தம்பி இப்படி நீலமா வருது."

நியாயமான சந்தேகம்தான். மைக்ரோசொஃப்டின் மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் வெளியாகும். அமெரிக்கப் பசிபிக் நேரம் காலை 10 மணி என்பது நவம்பரில் இலங்கையில் இரவு 11.30. ஆகவே இங்கே அது கைக்கு வருவது புதன்கிழமை. இந்த வீட்டிலும் புதன் பின்னேரம்தான் இறங்கியது, மீளத் தொடக்கச் சொல்லிக் கேட்டது, தொடக்கினார்கள். அப்டேட்டுக்குப் பிறகு இதே நீலத் திரை வந்த கணினிகள் உலகத்தில் நிறைய உண்டு. ஆனால் "பிறகு" என்ற சொல்லுக்குள் எத்தனை நாள் கிடக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டதில், புதன் இரவும் வியாழன் முழுவதும் கணினி ஒழுங்காக ஓடியிருக்கிறது. வெள்ளி பின்னேரம் இடி மின்னலோடு கரண்ட் போனது. பயத்தில் பிளக்கைக் கழற்றிவிட்டார்கள். திரும்பப் பிளக்கைப் போட்டது ஞாயிறு காலை.

அப்டேட்டுக்கும் நீலத் திரைக்கும் இடையில் ஒரு மின்தடை, அதோடு நாற்பது மணித்தியாலத்துக்குக் கிட்ட கரண்டே இல்லாமல் கிடந்த ஒரு கணினி. இந்த வழக்கின் முடிச்சு இங்கேதான்.

பார்ப்பதற்கு முன் நடந்தவை

மகன் சும்மா இருக்கவில்லை. மீட்புச் சூழலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் மூன்று தரம். அதன்பின் அப்டேட் நீக்கும் பகுதிக்குப் போய் "கடைசித் தர அப்டேட்டை நீக்கு" என்பதைக் கொடுத்தார். நெடுநேரம் சுழன்றுவிட்டு நீக்க முடியவில்லை என்றது. அடுத்ததாக "இந்தக் கணினியை ரீசெட் செய்" என்பதில் விரலை வைத்த நேரம் தாயார் தடுத்துவிட்டார்.

தடுத்தது நல்லது. "கோப்புகளை வைத்துக்கொள்" என்பதைத் தெரிந்தெடுத்தாலும் ரீசெட் நிறுவியிருந்த மென்பொருள்களையெல்லாம் கழற்றிவிடும். பின்னால் நிறுவிய எழுத்துருக்களும் அதோடு போகும். பாமினி யுனிகோட் அல்லாத எழுத்துரு. அது இல்லாத கணினியில் வினாத்தாளைத் திறந்தால் தமிழ் இருக்காது, ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பைதான் தெரியும். கோப்பு பழுதாகியதென்று நினைத்து அதையும் அழித்தவர்கள் உண்டு. தவிர, இங்கே இருந்த பழுதை ரீசெட் தொட்டிருக்கப் போவதுமில்லை.

நீலத் திரை தானே சொன்ன சாட்சி

இந்த நிறுத்தக் குறியீட்டின் பொருளைச் சரியாக எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். கணினி எழும்பும்போது டிஸ்க்கை முதலில் வாசிப்பது, தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயோஸ். அது பூட் லோடரைத் தூக்க, பூட் லோடர் வின்டோஸின் மையப் பகுதியான கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. அதுவரை டிஸ்க்கைத் தொடுவதெல்லாம் பயோஸின் கை. கரு ஓடத் தொடங்கியதும் தன் சொந்தச் சேமிப்பு டிரைவரை, அதாவது டிஸ்க்கோடு பேசும் மென்பொருளை வைத்து அதே டிஸ்க்கைத் திரும்பப் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாவிட்டால் வருவதுதான் இந்த நீலத் திரை. வாவியைக் கடக்கக் குருமண்வெளியில் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றிய மோட்டார் சைக்கிளை மண்டூர்க் கரையில் இறக்குவதோடு பாதைக்காரரின் வேலை சரி. அங்கிருந்து ஓட்டிப்போக வண்டிக்காரரிடம் சரியான திறப்பு இருக்க வேண்டும்.

ஆகவே நீலத் திரை வந்ததே ஒரு நல்ல சேதி. டிஸ்க் செத்துப்போகவில்லை, கேபிள் கழன்றுவிடவில்லை, பூட் முறையும் சரி. டிஸ்க்கே தெரியாவிட்டாலோ, புதிய யூஇஎஃப்ஐ பூட் முறையில் நிறுவிய வின்டோஸைப் பழைய லெகசி முறையில் எழுப்பினாலோ வருவது கறுப்புத் திரையும் "பூட் செய்யச் சாதனம் இல்லை" என்ற ஒரு வரியும்தான். நீலம் என்றால் கரு ஏறிவிட்டது, பெரும்பாலும் டிரைவர்தான் பொருந்தவில்லை.

டிரைவர் பொருந்தாமல் போக இரண்டு வழி உண்டு. அப்டேட் டிரைவரைக் கெடுத்திருக்கலாம். அல்லது டிரைவர் அப்படியே இருக்க, டிஸ்க் கட்டுப்படுத்தியின் முறை மாறியிருக்கலாம். இரண்டில் எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பயோஸுக்குள் போய்த் திகதியைப் பார்த்தால் போதும்.

கணினியைப் போட்டவுடன் எஃப்2ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் பயோஸ் திறக்கும். சில தயாரிப்புகளில் டிலீட் அல்லது எஃப்10. திறந்ததும் எதையும் மாற்றாமல் முதல் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுக்க வேண்டும். இந்தக் கணினியின் முதல் பக்கத்தில் இருந்த திகதி: 2013 ஜனவரி 1.

வின்டோஸ் அப்டேட் எதுவும் பயோஸ் கடிகாரத்தைப் பதினொரு வருடத்துக்கு மேல் பின்னால் தள்ளாது. பயோஸின் கடிகாரத்தையும் அமைப்புகளையும் காக்கும், தாய்ப்பலகையின் சிமோஸ் பற்றரி செத்து, அமைப்புகள் மொத்தமாகத் தொழிற்சாலை நிலைக்குப் போயிருக்கின்றன. அடுத்து, டிஸ்க் கட்டுப்படுத்தியின் முறையைக் காட்டும் சாட்டா ஒப்பரேஷன் என்ற இடம். அங்கே "ரெய்ட் ஒன்" என்று இருந்தது, அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்துப் பாவிக்கும் முறை.

நிறுவனங்களுக்கென்று செய்த மேசைக்கணினிகள் பலவற்றில் தொழிற்சாலை நிலை இதுதான், உள்ளே ஒரேயொரு டிஸ்க் இருந்தாலும். மறுவிற்பனைக்காரர்கள் வின்டோஸைப் புதிதாக ஏற்றும்போது பெரும்பாலும் தனி டிஸ்க்குக்குப் போதுமான ஏஎச்சிஐ முறைக்கு மாற்றிவிட்டு நிறுவுவார்கள். அதில் பிழையில்லை. ஆனால் மாற்றியதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஏஎச்சிஐயில் நிறுவிய வின்டோஸ், தனக்குத் தேவைப்படாத ரெய்ட் டிரைவரை எழும்பும் நேரத்தில் ஏற்றாதபடி அணைத்து வைத்திருக்கும். பயோஸ் ரெய்ட்டுக்குத் திரும்பிய நாளில் கருவின் கையில் அந்தத் திறப்பு இல்லை.

அந்த எஃப்1

கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஏதாவது வாசகம் வந்ததா என்று கேட்டதற்கு ஆசிரியை சொன்னார்: "அது ரெண்டு மூணு மாசமா அப்பப்ப வாறதுதானே. எஃப்1 அமத்தினாப் போயிரும்."

வந்த வாசகம், நேரம் அமைக்கப்படவில்லை, தொடர எஃப்1ஐ அமத்துக என்பது. பற்றரி மாற்றச் சொல்லி இரண்டு மூன்று மாதமாகக் கணினி கேட்டிருக்கிறது. இடைக்கிடை கடிகாரம் சில மணித்தியாலம் பிந்தியிருந்ததையும் மகன் கையால் திருத்தி வந்திருக்கிறார்.

அப்படியென்றால் முன்பே ஏன் நீலத் திரை வரவில்லை? இங்கே மட்டக்களப்பு வீட்டுப் பழக்கம் ஒன்று கணக்கில் வருகிறது. பிளக் சுவரில் இருக்கும் வரை, கணினியை அணைத்தாலும் மின்வழங்கி தாய்ப்பலகைக்கு ஒரு காத்திருப்பு மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிகாரமும் சிமோஸ் நினைவகமும் அதிலேயே ஓடும். பற்றரிக்கு வேலை வருவது பிளக்கைக் கழற்றிய பிறகு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடி தொடங்கிவிட்டால் இந்தக் கரையோரத்தில் பிளக்கைக் கழற்றாத வீடு குறைவு. கழற்றுவது சரியான பழக்கம்தான். அந்த நேரத்தில் எல்லாச் சுமையும் அந்தச் சின்ன வட்டப் பற்றரியின் தலையில் விழுகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

கணக்கும் அதைத்தான் காட்டும். சிஆர்2032 வகைப் பற்றரியின் கொள்ளளவு 220 மில்லி அம்பியர் மணி அளவில். கடிகாரச் சுற்று இழுப்பது சில மைக்ரோ அம்பியர். 5 என்று வைத்தால் 44,000 மணி, அதாவது பிளக் கழன்ற நிலையிலேயே ஐந்து வருடம். இந்தக் கணினி கொள்கலனிலும் களஞ்சியத்திலும் பிளக் இல்லாமல் கிடந்த காலம் எவ்வளவோ. வீட்டுக்கு வந்தபோதே பற்றரி அந்திம காலத்தில் இருந்திருக்கும். ஓர் இரவு கழற்றி வைத்தபோது கடிகாரம் மட்டும் தடுமாறியது. வெள்ளி பின்னேரத்திலிருந்து ஞாயிறு காலை வரை தாங்கவில்லை, அமைப்புகளும் போய்விட்டன.

மாற்றிய விதம், அதில் விட்ட பிழை

சாட்டா ஒப்பரேஷனை ஏஎச்சிஐக்கு மாற்றி, அப்ளை கொடுத்து வெளியேறியதும் வின்டோஸ் ஒரே தடவையில் எழும்பியது. ஐந்து நிமிட வேலை.

இந்த மாற்றத்தைச் செய்ய வீட்டார் பயப்படுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. முறையை மாற்றுவது மட்டும் டிஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூட எழுதாது. ஏஎச்சிஐயில் எழும்பாவிட்டால் திரும்ப ரெய்ட்டுக்குப் போகலாம். கைவைக்கக் கூடாத இடம் வேறு. ரெய்ட் நிலையில் எழும்பும்போது கொன்ட்ரோல்+ஐ அமத்தச் சொல்லி ஒரு பக்கம் வரலாம். அதற்குள் போய்ப் புதிய வொலியூம் உருவாக்கினால் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் போய்விடும்.

விட்ட பிழை இது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்ற எண்ணத்தில் பயோஸ் திகதியை அப்படியே விட்டுச் சாட்டாவை மட்டும் மாற்றினார்கள். சோதனைக்கு நல்ல ஒழுங்கு, ஆனால் இந்த இடத்தில் அரை மணித்தியாலத்தைத் தின்றது. 2013இல் எழும்பிய வின்டோஸில் உலாவி எந்தத் தளத்தையும் திறக்க மறுத்தது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அந்தத் திகதிக்கு இன்னும் பிறக்காதவை. வின்டோஸ் அப்டேட்டைத் திறந்தால் 0எக்ஸ்80072எஃப்8எஃப் என்ற பிழை. "பாத்தியாம்மா, அப்டேட்தான் கெட்டுப்போய்க் கிடக்கு" என்றார் மகன். அந்த எண் அப்டேட் கெட்டதைச் சொல்வதல்ல. கடிகாரம் பொருந்தாததால் பாதுகாப்பான இணைப்பு அமையவில்லை என்பதற்கான எண் அது.

இணையத்தில் நேரத்தை ஒத்திசைக்கச் சொல்லிக் கொடுத்தும் சரிவரவில்லை. அதற்கும் காரணம் உண்டு. வீட்டுக் கணினியில் வின்டோஸின் நேரச் சேவை இயல்பாகத் திருத்தும் எல்லை 54,000 விநாடி, அதாவது 15 மணித்தியாலம். அதைவிடக் கூடிய இடைவெளி என்றால் சந்தேகப்பட்டுத் தொடாமல் விட்டுவிடும். ஆகவே முதலில் திகதியையும் நேரத்தையும் கையால் கிட்டக் கொண்டுவந்துவிட்டு ஒத்திசைக்க வேண்டும். நேர வலயம் யூடிசி+05:30இல் "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்பது. அதே அரை மணிக் கணக்கில் இந்திய நகரங்கள் நான்கின் பெயரோடு இன்னொரு வரியும் பட்டியலில் இருக்கும். நேரம் ஒன்றுதான் என்றாலும் நம்முடையதைத் தெரிவது ஒழுங்கு. பயோஸிலேயே நேரத்தைப் போடுவதானால் இலங்கை நேரத்தையே போடலாம், வின்டோஸ் அதை உள்ளூர் நேரமாகவே எடுக்கும்.

பற்றரி

சுவர்ப் பிளக்கைக் கழற்றி, கணினியின் பவர் பொத்தானைப் பத்து விநாடி அமத்திப் பிடித்து எஞ்சிய மின்னை வெளியேற்றிய பின்தான் பெட்டியைத் திறந்தார்கள். தாய்ப்பலகையில் ஒரு ரூபாக் குற்றி போல மினுங்குவதுதான் பற்றரி: 20 மில்லிமீற்றர் குறுக்களவு, 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. அந்த எண் அளவுகள்தான் 2032 என்ற பெயருக்குள் இருப்பவை. 2025 என்று கடையில் கொடுத்தால் வாங்கக் கூடாது. 2.5 மில்லிமீற்றர் தடிப்பு, பிடிக்குள் தளர்ந்து நிற்கும்.

பிடியின் ஓரத்திலுள்ள உலோக நாக்கை நகத்தால் அல்லது பிளாஸ்டிக் குச்சியால் வெளிப்பக்கம் தள்ளினால் பற்றரி தானே துள்ளி எழும்பும். ஸ்குரூடிரைவரைக் கீழே விட்டுக் கிண்டினால் அடியிலுள்ள செம்புக் கோடு கீறுப்படும். பழையதை மல்டிமீற்றரில் அளந்தபோது 2.1 வோல்ட். புதிதாக வாங்கியது 3.2. பொதுவாக 2.7க்குக் கீழே இறங்கியதைத் திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை.

பிடியின் அடித்தகட்டில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று நிற்கும் இந்த நிலத்துண்டில் யன்னலோரக் கணினிகளுக்கு இது வழமை. ஐசோபுறொப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, சக (+) அடையாளம் மேலே தெரியும்படி புதிய பற்றரியை அமத்தினார்கள். தட்டையான முகங்களில் விரல் படாமல் ஓரத்தைப் பிடிப்பது நல்லது, கையின் எண்ணெயும் வியர்வையும் மின் கசிவுக்கு வழி. இதே துடைப்பில் ரெம் பட்டிகளையும் கழற்றி, அழிறப்பரால் பொன் விளிம்பைத் தேய்த்து, தூசு தட்டித் திரும்பப் போட்டார்கள். கேட்காத வேலை, ஆனால் பெட்டி திறந்திருக்கும்போது செய்யாமல் விட்டால் மூன்று மாதத்தில் அதற்கென்று திறக்க வேண்டி வரும்.

பற்றரியைக் கழற்றியதோடு பயோஸ் மறுபடி தொழிற்சாலை நிலைக்குப் போகும் என்பதை மறக்கக் கூடாது. மூடியதும் திகதி, நேரம், சாட்டா ஏஎச்சிஐ, பூட் முறை யூஇஎஃப்ஐ, பூட் வரிசை எல்லாவற்றையும் ஒரே இருப்பில் அமைக்க வேண்டும். பற்றரியை மாற்றிவிட்டு இதை விட்டவர்கள், புதிய பற்றரி போட்டும் நீலத் திரை போகவில்லை என்று மற்றப் பகுதிகளையும் கழற்றத் தொடங்குவார்கள்.

அப்டேட் குற்றமற்றது என்பதற்கான ஆவணம்

ஊகம் போதாது என்பதால், வின்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து வரிசைப்படுத்தினார்கள். புதன் பின்னேரம் வின்டோஸ் அப்டேட் கிளையன்ட் எழுதிய 19ஆம் எண் பதிவு: நிறுவல் வெற்றி. தோல்வியாக இருந்தால் 20 வந்திருக்கும். சற்றுப் பின் 1074, அதாவது திட்டமிட்ட மீள்தொடக்கம். வியாழன் ஒழுங்கான தொடக்கமும் அணைப்பும். வெள்ளி பின்னேரத்து மின்தடை, அடுத்த வெற்றிகரமான தொடக்கத்தின்போது 41 என்றும் 6008 என்றும் பதிவாகியிருந்தது. 6008இன் வாசகத்துக்குள்ளேயே முன்னைய அணைப்பு எத்தனை மணிக்கு எதிர்பாராமல் நடந்ததென்று இருக்கும். 2013 திகதியில் ஓடிய அந்த அரை மணித்தியாலத்துப் பதிவுகள், இந்த 41உம் 6008உம் உட்பட, திகதிப்படி வரிசையில் அடியில் போய்க் கிடக்கும். அதைப் பார்த்துக் குழம்பத் தேவையில்லை.

உண்மையிலேயே அப்டேட் பாதியில் நின்று இதே நீலத் திரை வந்திருந்தால் அடையாளங்கள் வேறு. பயோஸ் திகதி சரியாக இருக்கும், சாட்டா முறை மாறியிருக்காது, கடைசியாக மீளத் தொடங்கிய உடனேயே பழுது வந்திருக்கும். அப்போது போக வேண்டிய வழி மீட்புச் சூழலில் கட்டளைத் திரை. அங்கே வின்டோஸ் இருக்கும் டிரைவ் எழுத்து சி ஆகவே இருக்கும் என்று நம்பக் கூடாது. டிஐஆர் சி: , டிஐஆர் டி: என்று தட்டி, வின்டோஸ் கோப்புறை எதில் தெரிகிறதென்று பார்க்க வேண்டும். டி என்றால், ஆங்கிலத்தில் தட்ட வேண்டியது உச்சரிப்பில் இப்படி: டிஐஎஸ்எம் /இமேஜ்:டி:\ /க்ளீன்அப்-இமேஜ் /ரிவர்ட்பெண்டிங்ஆக்ஷன்ஸ். நிலுவையில் நிற்கும் நிறுவல் வேலைகளை அது பின்வாங்கச் செய்யும். ஓடுகின்ற வின்டோஸுக்குள் இதைக் கொடுக்கக் கூடாது, எழும்பாத கணினிக்கான மருந்து இது.

மடிக்கணினி என்றால் பயோஸில் கைவைப்பதற்கு முன் இன்னொன்று: டிஸ்க் குறியாக்கம் போட்டிருந்தால் அமைப்பு மாறியதும் 48 இலக்க மீட்புத் திறவு கேட்கும். அது மைக்ரோசொஃப்ட் கணக்கில் சாதனங்கள் பகுதியில் இருக்கும், கடவுச்சொல் மறந்தவர்கள் அதை முதலில் தேடிவைக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் கிடந்த எட்டு

எழும்பிய கணினி நத்தையாக ஊர்ந்தது. டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100 வீதம். அப்டேட் போட்ட சில மணித்தியாலத்துக்கு ஹார்ட் டிஸ்க் கணினியில் இது சாதாரணம். பழைய கோப்புகளைச் சுத்தம் செய்யும் வேலையும் தேடல் அட்டவணையும் டிஃபென்டர் சோதனையும் ஒன்றாக ஓடும். இரண்டு மணித்தியாலம் தனியே ஓடவிட்டால் இறங்கும். இங்கே இறங்கியும், படக் கோப்புறையைத் திறந்தால் பத்து இருபது விநாடி உறைந்து நின்றது.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் நிலை மஞ்சள், எச்சரிக்கை. சி5 என்ற வரியில், வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள்: 8. 05 என்ற வரியில், ஏற்கெனவே மாற்றீடு செய்யப்பட்டவை: 0. இந்த மென்பொருள் மூல எண்ணைப் பதினறும முறையில் காட்டும், 10 என்று தெரிந்தால் அது 16. பத்தடிமானத்துக்கு மாற்ற மெனுவில் வழி இருக்கிறது. 8 எந்த முறையிலும் 8தான்.

அந்த எட்டில் ஒரு கதை இருக்கிறது. இக்காலத்து டிஸ்க்குகள் உள்ளே 4,096 பைட் துண்டுகளாக எழுதி, வெளியே 512 பைட் பகுதிகளாகக் கணக்குக் காட்டுகின்றன. எட்டுச் சிறு பகுதி சேர்ந்தால் ஒரு துண்டு. அதாவது பழுதானது ஒரேயொரு துண்டு. எழுதிக்கொண்டிருந்த கணத்தில் கரண்ட் போனால் அந்தத் துண்டின் தரவும் திருத்தக் குறியீடும் பொருந்தாமல் நிற்கும், தட்டு கீறுப்படாமலே வாசிக்க முடியாமல் போகும். வெள்ளி பின்னேரத்தோடு பொருந்திவருகிறது. என்றாலும் 23,000 மணித்தியாலம் ஓடிய டிஸ்க்கை நம்பி இதை நல்ல விதமாக மட்டும் வாசிப்பது முட்டாள்தனம்.

எனவே பழுதுபார்ப்பதற்கு முன் பிரதி. டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க்கை முதலில் ஓட்டுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுவதுமாக வாசிக்க வைத்து, உள்ள உயிரையும் எடுத்துவிடும். வெளி டிஸ்க்கை நீல நிறப் பின்பக்க யூஎஸ்பியில் செருகி, வின்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகொப்பி கொண்டு ஆவணங்களும் படங்களும் எடுக்கப்பட்டன. கட்டளையோடு /ஈ /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1 சேர்ப்பது முக்கியம். சேர்க்காவிட்டால் வாசிக்க முடியாத கோப்பு ஒன்றில் பத்து இலட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி காத்திருந்து முயலும். அதுதான் அதன் இயல்பு அமைப்பு. 140 ஜிபிக்கு ஒன்றரை மணித்தியாலம். வராமல் போனது ஒரு கோப்பு: கோயில் திருவிழாவில் எடுத்த இரண்டு நிமிடக் காணொளி. அதுவும் உறவினர் ஒருவரின் கைபேசியில் வட்ஸ்அப் வழியாகப் போயிருந்ததால் சற்று மங்கலாகக் கிடைத்தது.

அதன்பின்தான் செக்டிஸ்க் சி: /ஆர். மீளத் தொடங்கி மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. இடையில் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து இரவு பத்துக்குப் பிறகு போட்டார்கள். அது பழுதான இடத்தைப் பாவனையிலிருந்து விலக்கி வைக்கும். அந்த இடத்தில் புதிதாக எழுதாததால் சி5 எண் குறையாமல் நிற்கலாம். பார்க்க வேண்டியது கூடுகிறதா என்பதை. இரண்டு கிழமைக்குப் பிறகும் எட்டாகவே நின்றது.

நின்றாலும், 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு மாற்றச் சொல்லிக் கொடுத்த ஆலோசனை மாறவில்லை. மாற்றுபவர்கள் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்தால் பழுதான இடப் பட்டியலும் சேர்ந்து வந்து, புதிய எஸ்எஸ்டியில் நல்ல இடமும் விலக்கப்பட்டிருக்கும். நகல் முடிந்ததும் செக்டிஸ்க் சி: /பி ஒருதரம் ஓட்டினால் பட்டியல் புதிதாகும்.

வின்டோஸ் 11க்குப் போகலாமா என்ற கேள்வியும் வந்தது. இந்தக் கணினியில் முறைப்படி போக முடியாது: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கும். வின்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. வீட்டுப் பாவனையாளருக்கான நீட்டிப்பில் பதிந்தவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர் 13 வரை.

வீட்டில் வைத்துவிட்டு வந்தவை

650 விஏ யூபிஎஸ் ஒன்று வாங்கினார்கள். கரண்ட் போனபின் வேலை செய்வதற்கல்ல, சேமித்து அணைப்பதற்கு. லேசர் பிரிண்டரை அதில் செருகக் கூடாது, சூடேற்றும் கணத்தில் இழுக்கும் சுமை யூபிஎஸ்ஸை விழுத்திவிடும். யூபிஎஸ் மின்னலைத் தடுக்காது. இடி கேட்டால் கணினியை அணைத்துப் பிளக்கைக் கழற்றும் பழைய பழக்கம் அப்படியே தொடர வேண்டும், ரௌட்டரிலிருந்து வரும் நெட்வேர்க் கேபிளையும் சேர்த்து. அப்டேட் போடும்போது வீதக் கணக்கு நகராமல் நின்றால் ஹார்ட் டிஸ்க் விளக்கைப் பார்க்க வேண்டும். மினுங்கிக்கொண்டிருந்தால் ஒரு மணித்தியாலமானாலும் தொடாமல் விட வேண்டும்.

பற்றரியைச் சோதிக்க, ஓர் இரவு முழுக்கப் பிளக்கைக் கழற்றி வைத்துக் காலையில் போட்டார்கள். எஃப்1 கேட்கவில்லை, நேரம் நிமிடம் தவறாமல் இருந்தது.

பெட்டியின் பக்கத் தகட்டின் உட்புறத்தில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் பேனையால் எழுதியிருப்பது: சாட்டா – ஏஎச்சிஐ. பூட் – யூஇஎஃப்ஐ. பற்றரி சிஆர்2032, மாற்றிய மாதமும் வருடமும். டிஸ்க் சி5 – 8.